நகரம் கேட்ட பின் வாங்குக

ஆற்று மணலிலே வீடு கட்டி, வீதி வகுத்து, ஈர்க்குக் குச்சியை நட்டு அதற்கு மரமென்று பெயரிட்டு மகிழாத குழந்தை அரிது. மாலையில் அம்மணல் வீட்டைக் கலைத்துவிட்டுச் செல்லும் குழந்தை வளர்ந்து பெரியவனான பின்னும், ஊர் சமைக்க வேண்டுமென்னும் விருப்பம் அவனை விட்டு எளிதில் நீங்குவதில்லை. முற்காலத்தில் அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்குமே உரியதாயிருந்த அவ்வின்பம், இக்காலத்தில் கணினியின் உதவியால் விடுதியறையில் அமர்ந்திருக்கும் ஏழை மாணவனுக்கும் கிட்டியிருக்கின்றது. ஆனால் மணல் வீட்டிற்கு விலையில்லை. கணினி நகரத்திற்கோ விலையுண்டு. அவ்விலை ஒருமுறை கொடுத்துத் தீர்வதன்று என்பதே யான் ஈண்டு எழுதப் புகுந்த பொருளாகும்.

சென்ற பருவ விடுமுறைக்கு முந்திய வாரத்தில், எமது விடுதியில் வசிக்கும் முதலாண்டு மாணவனொருவன் என் அறைக்கு வந்தான். வந்தவன் சிறிது தயங்கி நின்று, "அண்ணா, சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாட்டை வாங்கிவிட்டேன். அதற்குப் பதின்மூன்று விரிவுத் தொகுதிகள் உண்டாம். கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. எவற்றை வாங்கலாம்? எல்லாம் இல்லாவிட்டால் விளையாட்டு நிறைவு பெறாது என்கிறார்களே!" என்று வினவினான். அந்த இரண்டாயிரம் ரூபாயும் அவன் விடுமுறையில் அச்சகமொன்றில் வேலை செய்து ஈட்டிய கூலி என்பதை யான் அறிவேன். ஆகையால் அவ்வினாவிற்கு விளையாட்டாக விடையிறுக்க என் மனம் இடந்தரவில்லை. அன்று சுருங்கச் சொன்னதை இன்று விரித்து எழுதுகின்றேன். இவ்விளையாட்டில் ஈடுபட்ட சகோதர மாணவர் பலர் நம் கலாசாலையில் உளராதலின், அவர்க்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் இவ்வகை விளையாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். அமெரிக்கராகிய வில் ரைட் என்பார், 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த போர் விளையாட்டொன்றை ஆக்கினார். பகைவர் தீவுகளின்மேல் பறந்து குண்டு வீசுவதே அதன் பொருள். அத்தீவுகளில் சாலைகளையும் தொழிற்சாலைகளையும் வரைந்து அமைக்குங்கால், அவற்றை அழிப்பதைக் காட்டிலும் ஆக்குவதே தமக்குப் பேரின்பம் தருவதை அவர் உணர்ந்தார். அவ்வுணர்ச்சியின் பயனாகப் பிறந்ததே 1989-இல் வெளிவந்த சிம்சிட்டி. வெற்றியுமின்றித் தோல்வியுமின்றி நடைபெறும் ஒரு விளையாட்டை எவர் வாங்குவார் என்று பதிப்பாளர் முதலில் தயங்கினராயினும், உலகம் அதனை ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டது. 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வரிசையின் நான்காம் விளையாட்டு வெளிவந்தது; அவ்வாண்டிலேயே போக்குவரத்தைப் பெருக்கும் ரஷ் அவர் என்னும் விரிவும் வந்தது. அந்நாளில் விரிவு என்றால் ஒன்றே. வாங்குவதா வேண்டாவா என்பதே வினா. எதை வாங்குவது என்னும் குழப்பத்திற்கு அங்கே இடமிருந்ததில்லை.

2013 மார்ச்சு மாதத்தில் சிம்சிட்டி புதுவடிவில் வந்தபோது, தனியே அமர்ந்து விளையாட விரும்புவோனும் இணையத்தோடு இணைந்தே விளையாட வேண்டுமென்று விதிக்கப்பட்டிருந்தது. வெளியான நாளிலேயே அதன் சேவையகங்கள் கூட்டத்தைத் தாங்கமாட்டாது திணறின. விலை கொடுத்தோர் பலர் வாயிலிலேயே நின்றனர். நகரம் அமைத்தற்குக் கிடைத்த நிலமும் மிகச் சிறிது. இணையமின்றி விளையாடும் வசதி மறுவருடம் மார்ச்சு மாதத்தில்தான் அளிக்கப்பட்டது. இவ்வாறு மனமுடைந்திருந்த விளையாட்டாளர்க்கு மருந்துபோல வந்தது சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ். பின்லாந்து நாட்டில் டாம்பெரே நகரத்தில் உள்ள கொலோசல் ஆர்டர் என்னும் சிறு குழுவினர் அதனை ஆக்க, ஸ்வீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனத்தார் 2015 மார்ச்சு 10-ஆம் நாளில் வெளியிட்டனர். முதல் நாளிலேயே இரண்டரை லட்சம் பிரதிகள் விற்பனையாயின. 2022-ஆம் ஆண்டளவில் அத்தொகை ஒரு கோடியே இருபது லட்சத்தைக் கடந்தது. இக்குழுவினர் அதற்கு முன்னர் இயற்றிய சிட்டீஸ் இன் மோஷன் என்னும் விளையாட்டு, நகரப் பேருந்து முதலியவற்றை நடத்துவதைப் பற்றியது. ஆகவே போக்குவரத்தே ஸ்கைலைன்ஸ் விளையாட்டின் உயிராக அமைந்ததில் வியப்பில்லை.

இனி விரிவுத் தொகுதிகளைப் பார்ப்போம். 2015 செப்டம்பரில் வந்த ஆஃப்டர் டார்க் முதலாக, 2023 மே மாதத்தில் வந்த ஹோட்டல்ஸ் அண்ட் ரிட்ரீட்ஸ் ஈறாக, பெரிய விரிவுகள் பதின்மூன்று. இவையேயன்றிக் கட்டடங்களை மட்டும் கூட்டும் சிறு தொகுதிகளும், வானொலி நிலையங்கள் என்ற பெயரால் இசையை மட்டும் தரும் தொகுதிகளும் பலவுள. மூல விளையாட்டு வெளிவந்த காலத்தில் அதன் விலை முப்பது டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. பதின்மூன்று விரிவுகளையும் உரிய விலை கொடுத்து வாங்கின், அத்தொகை மூல விலையைப் போலப் பன்மடங்காகும். குதிரையின் விலை சிறிது. சேணத்தின் விலை பெரிது!

இதனை உரைப்பதால் ஆக்கியோர்மீது யான் பழி சுமத்துவதாக எவரும் கருதவேண்டா. உழைத்தவனுக்குக் கூலி கொடுத்தல் அறம். விரிவுத் தொகுதிகள் வெளிவருந்தோறும், அவற்றை வாங்காதார்க்கும் உதவும் புதுமைகள் சில இலவசமாக அளிக்கப்பட்டன. இரவும் பகலும் மாறிமாறி வரும் அழகு ஆஃப்டர் டார்க் தொகுதியோடு வந்ததாயினும், அது யாவர்க்கும் பொதுவாகவே வழங்கப்பட்டது. சாலைக்குப் பெயரிடலும், சந்திப்பில் எந்தச் சாலைக்கு முதலிடம் என்று குறித்தலும் 2017-இல் மாஸ் டிரான்சிட் தொகுதியோடு வந்து யாவர்க்கும் இலவசமாயின. வாங்குவோர் கொடுத்த பணத்தால் வாங்காதாரும் பயனடைந்தனர் என்பதை மறத்தல் தகாது. ஆதலால் 'விரிவே வேண்டா' என்பது என் கொள்கையன்று. 'எப்போது, எதனை' என்பதே என் வினா.

இவ்வினாவை யான் கேட்கக் கற்றது என் சொந்தப் பிழையினால். அதனை மறையாது கூறுகின்றேன். இரண்டாமாண்டில் பயின்றபோது, பாடத்திற்கு வேண்டிய இரண்டு புத்தகங்கள் வாங்குவதற்காக என் தாயார் அனுப்பிய தொகை என் கையிலிருந்தது. அவ்வாரத்தில் இணையக் கடையொன்றில் பெருந்தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதுகாறும் வெளிவந்திருந்த விரிவுகள் யாவும் ஒரே கட்டாக, வழக்கமான விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தன. 'இவ்வளவு பணம் மிச்சப்படுகின்றதே!' என்று கணக்கிட்டேனேயன்றி, 'இவ்வளவு பணம் செலவாகின்றதே!' என்று கணக்கிட்டேனில்லை. வாங்கிவிட்டேன். புத்தகங்களை நண்பனிடம் இரவல் பெற்று, அவன் உறங்கும் வேளையில் படித்தேன்.

வாங்கியதனால் இன்பமாவது விளைந்ததோ எனின், அதுவுமில்லை. அதுவரை நான்கு மாதங்களாக ஒரு நகரத்தைப் பேணி வந்தேன். அதன் ஒவ்வொரு சந்தும் எனக்குத் தெரியும். எந்தப் பாலத்தில் மாலையில் வண்டிகள் தேங்கும், எந்தத் தெருவில் குப்பை வண்டி பிந்தும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லா விரிவுகளும் ஒருங்கு வந்து புகுந்தவுடன், திரையின் அடியில் புதிய பொத்தான்கள் வரிசை வரிசையாக முளைத்தன. பூங்கா வட்டாரம் வகுக்கச் சொல்லி ஒன்று, தொழில் வட்டாரம் வகுக்கச் சொல்லி மற்றொன்று, அஞ்சலகம் இல்லையென்று முறையிடுவது வேறொன்று. எதனையும் கற்கப் பொறுமையில்லை. எதனையும் விலக்க மனமுமில்லை. என் பழைய கணினியும் பாரந்தாங்காது மூச்சு வாங்கிற்று. ஒரு வாரத்தில் அந்நகரத்தைக் கைவிட்டேன். ஏழு மாதங்கள் அவ்விளையாட்டின் பக்கமே திரும்பவில்லை. பசியாதவன் முன் பதின்மூன்று வகைக் கறியை வைத்தாற்போலாயிற்று என் நிலை.

ஆர அமர எண்ணியபோது, இப்பிழைக்கு உரிய படிப்பினை அவ்விளையாட்டிற்குள்ளேயே இருத்தலைக் கண்டேன். புதிதாக விளையாடுவோன் ஆசை மிகுதியால் பெரியதொரு குடியிருப்புப் பகுதியை ஒரே நாளில் வகுத்துவிடுவான். அன்றே ஆயிரக்கணக்கான குடிகள் வந்து குடியேறுவர். அவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினராதலின் ஒருங்கே முதுமையடைவர். ஒருங்கே மாண்டும் போவர். அக்காலத்தில் நகரெங்கும் பிண வண்டிகள் போதாமல் வீடுகள் பாழாகும். விளையாட்டாளர் இதனை 'மரண அலை' என்பர். பதின்மூன்று விரிவுகளையும் வாங்கினாலும் இவ்வலை நிற்காது. சிறிது சிறிதாகக் குடியேற்றுவதொன்றே அதற்கு மருந்து. விரிவுகளை வாங்குவதிலும் இதுவே முறை. ஒருங்கே குடியேற்றியவை ஒருங்கே மடியும். ஒவ்வொன்றாக வந்தவை ஒன்றையொன்று தாங்கி வாழும்.

ஆதலின் யான் கூறும் நெறி ஒன்றே: நம் நகரம் கேட்ட பின்னரே வாங்குதல் வேண்டும். விளம்பரம் கேட்பதும், நண்பன் கேட்பதும், தள்ளுபடி கேட்பதும் நகரம் கேட்பதாகா. மூல விளையாட்டை மட்டும் கொண்டு ஒரு நகரத்தையேனும் வளர்த்து, அந்நகரம் எங்கே தடைப்பட்டு நிற்கின்றது என்பதைக் கண்ணால் கண்ட பின், அத்தடையை நீக்கும் தொகுதி எதுவோ அதனை வாங்குக.

ஆயினும் நகரத்தின் குரலைச் சரியாகச் செவிமடுத்தல் எளிதன்று. நோயொன்றிருக்க மருந்தொன்று கொடுக்கும் வைத்தியன்போல நாமும் ஏமாறக்கூடும். வண்டிகள் தேங்கி நிற்பதைக் கண்டவுடன், 'மாஸ் டிரான்சிட் வாங்கினால் தீரும்' என்று ஓடுவார் பலர். அத்தொகுதி மிக நல்லதே. ஆற்றில் செல்லும் படகும், தூண்மேல் ஓடும் ஒற்றைத் தண்டவாள ரயிலும், மலையேறும் கம்பி வண்டியும், பல வகை ஊர்திகள் ஓரிடத்தில் கூடும் நிலையங்களும் அதனால் கிடைக்கும். ஆனால் தேக்கத்திற்குக் காரணம் பெரும்பாலும் ஊர்தியின்மையன்று, சாலையமைப்பின் பிழையே. இவ்விளையாட்டில் ஒவ்வொரு வண்டியும் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் குறிக்கோளோடு செல்வது. ஆறு தடமுள்ள சாலையாயினும், முன்னே ஒரே பக்கத்தில் திரும்பவேண்டிய வண்டிகள் யாவும் ஒரே தடத்தில் வரிசை நிற்கும். மற்றைய தடங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். சந்திப்புகளை மிக நெருக்கமாக அமைத்ததும், தொழிற்பகுதிக்கு ஒரே வழி வைத்ததுமே அங்கே நோய். அதற்கு மருந்து இலவசம்: சந்திப்புகளைக் குறைத்தல், இரண்டாம் வழி திறத்தல், மூல விளையாட்டிலேயே உள்ள பேருந்தையும் நிலத்தடி ரயிலையும் ஒழுங்காக ஓட்டுதல். இவையெல்லாம் செய்த பின்னும், ஆறு குறுக்கிட்டோ மலை குறுக்கிட்டோ வேறு ஊர்தி வேண்டியிருப்பின், அப்போது நகரம் மெய்யாகவே கேட்கின்றது. அப்போது வாங்குக. அவ்வாறு கேட்டு வாங்குவதற்கு யான் முதலிடம் தருவது இத்தொகுதிக்கே.

இரண்டாமிடம் 2018 அக்டோபரில் வந்த இண்டஸ்ட்ரீஸ் தொகுதிக்கு. மூல விளையாட்டில் வேளாண்மை, வனம், கனிமம், எண்ணெய் என்னும் நால்வகைத் தொழிலுக்கும் நிலத்தை ஒதுக்கலாமேயன்றி, விளைபொருள் எங்கே சென்று எவ்வாறு மாறுகின்றது என்பதை நாம் நடத்த இயலாது. இத்தொகுதியால் மரத்தை வெட்டி, அறுத்து, கிடங்கில் சேர்த்து, சிறப்புத் தொழிற்சாலைக்கு அனுப்பி, முடிந்த பண்டமாக்கி விற்கும் வரையில் தொடர்ச்சி முழுவதும் நம் கைக்கு வரும். பணம் பெருகிச் செலவிட வழியின்றி நகரம் சோம்பிக் கிடக்கும் நிலையில், இது அதற்குத் தொழில் தரும். மூன்றாமிடம் அவ்வாண்டு மே மாதத்தில் வந்த பார்க்லைஃப் தொகுதிக்கு. பூங்கா என்பது ஒரே கட்டடமாக வைத்துவிடும் பொம்மையாகாது, வாயிலும் நடைபாதையும் நாமே இட்டு, மக்கள் வரவர வளரும் வட்டாரமாகின்றது. கட்டடங்களுக்கிடையே வீணே கிடக்கும் கோணல் நிலங்கட்கெல்லாம் இதனால் உயிர் வரும். அழகை விரும்புவோர் இதனையே முதலில் வாங்கினும் குற்றமில்லை.

ஆஃப்டர் டார்க் தொகுதியை இரவின் அழகிற்காக வாங்குவோர், அவ்வழகு முன்னரே தம்மிடம் இருத்தலை அறிக. அதில் விலைக்குரியவை மிதிவண்டித் தடம், பேருந்துத் தடம், வாடகைக் கார், சிறைச்சாலை, கேளிக்கை வீதி முதலியன. அவற்றில் எதுவும் நகரம் கேட்காவிடில் பொறுத்திருக்கலாம். 2016-இல் வந்த ஸ்னோஃபாலைப் பற்றி ஒரு வார்த்தை. பனியைக் கண்டறியாத நம்மனோர்க்கு வெண்பனி மூடிய நகரத்தின்மேல் ஆசை உண்டாதல் இயல்பே. ஆனால் அதில் பருவங்கள் மாறி மாறி வருவதில்லை; குளிர்நாட்டு நிலப்படத்தைத் தேர்ந்தால் என்றும் பனியே. வீடுகட்குச் சூடேற்றுதலும், சாலைப் பனியை வாருதலும் சில நாளில் சலிப்புத் தரும். இதில் மெய்யான செல்வம் டிராம் வண்டியே. அஃது எந்த நிலத்திலும் ஓடும். டிராம் வேண்டுவோன் பனியையும் சேர்த்து விலைக்கு வாங்கவேண்டியிருத்தல் இத்தொகுதியின் குறை.

அவ்வாண்டின் இறுதியில் வந்த நேச்சுரல் டிசாஸ்டர்ஸ் சூறைக்காற்றையும் ஆழிப்பேரலையையும் விண்கல்லையும் நம் நகரத்தின்மேல் ஏவும். நண்பர் சிலர் அதனை விலைக்கு வாங்கி, இரண்டு முறை நகரம் அழியக் கண்டு, பின்னர்ப் பேரிடர் வரவொட்டாமல் நிறுத்தி வைத்திருக்கின்றனர். நிறுத்தி வைப்பதற்காக ஒன்றை வாங்குதல் என்ன அறிவுடைமை! ஆயினும் அடைக்கல இல்லமும் எச்சரிக்கைக் கோபுரமும் அமைத்து இடரை எதிர்நோக்கி வாழும் ஊரை நடத்த விரும்புவோர்க்கு அது நல்ல பள்ளிக்கூடமே. 2020-இல் வந்த சன்செட் ஹார்பர் மீன்பிடித் தொழிலையும், மின்கம்பிப் பேருந்தையும், நீர்நிலையில்லாத இடத்திலும் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்தையும் தருகின்றது. ஆற்றுக்கு எட்டிய தூரத்தில் ஊர் வைத்துச் சாக்கடை செல்லும் வழி காணாது தவிப்போர்க்கு அஃதொன்றே போதிய காரணம்.

கலாசாலை மாணவராகிய நம் உள்ளத்தைக் கவரும் தொகுதி 2019-இல் வந்த கேம்பஸ். தொழிற்பள்ளி, கலைக் கல்லூரி, பல்கலைக்கழகம் என மூவகை வளாகங்களை அதில் அமைக்கலாம். விளையாட்டுக் குழுக்களையும் நடத்தலாம். மாணவர் தொகையும் ஆய்வு நூல்களும் பெருகப் பெருக வளாகத்தின் புகழ் ஏறும். இதனைக் கண்டு யானும் மயங்கினேன். ஆயினும் கல்வி என்னும் தேவைக்கு மூல விளையாட்டிலுள்ள பள்ளிகளும் பல்கலைக்கழகமுமே போதும். இத்தொகுதி அலங்காரமேயன்றி அவசியமன்று. வகுப்பறையிலிருந்து வந்து மீண்டும் வகுப்பறையையே கட்ட விரும்புவோர் வாங்குக. விமான நிலையத்தைப் பகுதி பகுதியாக அமைக்கும் ஏர்போர்ட்ஸ் முதலிய பிற்காலத் தொகுதிகள், பெருநகரம் கண்டு முடித்தவர்க்கே உரியன. பத்தாயிரம் குடிகளும் சேராத ஊருக்குப் பங்குச் சந்தை எதற்கு?

இனி என் கருத்துக்கு மாறாக உரைப்போர் கூறுவன மூன்று. முதலாவது, "தள்ளுபடி போய்விடுமே!" என்பது. போகும், மீண்டும் வரும். ஆண்டிற்குப் பலமுறை வருகின்ற தள்ளுபடியைக் கண்டு, இறுதிப் புகைவண்டி புறப்படுவதுபோல் ஓடுதல் வேண்டா. தேவைப் பட்டியலை முன்னரே எழுதி வைத்திருப்போன் தள்ளுபடியை ஆள்கின்றான். எழுதி வைக்காதவனைத் தள்ளுபடி ஆள்கின்றது. இரண்டாவது, "கட்டாக வாங்கின் ஒவ்வொன்றின் விலையும் குறைவு" என்பது. உண்மை. ஆனால் பயன்படாப் பொருளின் விலை எவ்வளவு குறைந்தாலும் அது வீணே. பதின்மூன்றில் மூன்றையே ஆள்வோனுக்கு மற்றைய பத்தும் சுமை. மூன்றாவது, "விரிவுகள் இல்லாத விளையாட்டு அரைகுறை" என்பது. இஃது உண்மையாயின், விரிவொன்றும் இல்லாத நாளிலேயே இரண்டரை லட்சம் பேர் அதனை ஏன் வாங்கினர்?

மேலும், விளையாட்டாளரே ஆக்கி இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் கட்டடங்களும் திருத்தங்களும் ஸ்டீம் என்னும் இணையக் கடையின் பட்டறைப் பகுதியில் ஏராளமாக உள்ளன. வண்டிகளின் போக்கைத் தடந்தோறும் ஒழுங்கு செய்யும் கருவியும், மூல விளையாட்டு அனுமதிக்கும் ஒன்பது நிலப்பகுதிகளுக்கு அப்பாலும் நகரை விரிக்கும் கருவியும் அங்கே காசின்றிக் கிடைக்கும். விலைக்கு வாங்கு முன்னர் அங்கே தேடுதல் கடமை. ஆனால் இலவசம் என்று எண்ணி அள்ளிக் குவித்தலும் கேடே. கணினியின் நினைவகம் நம் ஆசையளவு பெரிதன்று. எத்தனை தொகுதிகள் சேர்ப்பினும், ஒரே காலத்தில் ஓடும் வண்டிகள் 16,384-க்கு மேற்படாதென்று அவ்விளையாட்டின் அமைப்பிலேயே ஒரு வரம்புண்டு. வரம்பில்லாத நகரம் எங்கும் இல்லை.

வாங்கிய பின் மனம் மாறுவோர்க்கும் ஒரு வழியுண்டு. அக்கடையின் விதிப்படி, வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருப்பின், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதனை அறியாமல் பலர் மனம் புழுங்கி இருந்துவிடுகின்றனர்.

வருவதாகச் சொல்லப்படும் பொருளுக்கு முன்னரே விலை கொடுப்பதில் உள்ள அபாயத்திற்கு அண்மைக்காலச் சான்றொன்றுண்டு. 2023 அக்டோபரில் ஸ்கைலைன்ஸ் விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. வல்லமை மிக்க கணினிகளிலும் அது தடுமாறுவதாக முறையீடுகள் எழுந்தன. அக்குறைகள் தீருமுன்னரே, 2024 மார்ச்சில் கடற்கரை வீடுகள் அடங்கிய தொகுதியொன்று விலைக்கு வந்தது. வாங்கியோர் சினந்தனர். மறு மாதத்தில் ஆக்கியோரும் வெளியிட்டோரும் பகிரங்கக் கடிதம் எழுதி மன்னிப்புக் கோரி, அத்தொகுதியை யாவர்க்கும் இலவசமாக்கி, பெற்ற விலையைத் திரும்பக் கொடுக்கவும் முற்பட்டனர். பிழையை ஒப்புக்கொண்டது அவர்கட்குப் பெருமையே. ஆயினும் அதனின்று நாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு. அடித்தளம் உறுதிப்படாத வீட்டிற்கு மாடி கட்டலாகாது என்பதை விற்போரே சில வேளை மறந்துவிடுகின்றனர்; வாங்குவோராகிய நாமேனும் நினைவில் வைத்தல் வேண்டும்.

சகோதர மாணவர்களே! 'ஒரு விளையாட்டிற்கு இத்துணை ஆராய்ச்சியோ?' என்று நீங்கள் நகைக்கக்கூடும். நாளை நம்முட் சிலர் குடும்பத்தலைவராவர். சிலர் நகராட்சிகளில் அலுவல் பூண்டு மெய்யான சாலைக்கும் மெய்யான சாக்கடைக்கும் திட்டம் வகுப்பர். அந்நாளில் பட்டியலைப் பார்த்து வாங்கும் பழக்கமோ, தேவையைப் பார்த்து வாங்கும் பழக்கமோ, எது நம்மிடம் வேரூன்றியிருக்குமோ அதுவே நம்மை நடத்தும். அப்பழக்கம் இன்று விளையாட்டிலேயே முளைகொள்ளுகின்றது. விளையாட்டில் இழந்த இரண்டாயிரம் ரூபாயை மீட்டும் ஈட்டலாம். அதனால் படிந்த பழக்கத்தை மாற்றுதல் அரிது.

என்பால் வந்த இளவலுக்கு யான் கூறியது இவ்வளவே: "தம்பி, இன்று ஒன்றும் வாங்காதே. ஐம்பதாயிரம் குடிகள் வரும் வரையில் உள்ளதைக் கொண்டே ஊரை நடத்து. எது இல்லாமையால் உன் ஊர் மெய்யாகவே வருந்துகிறதோ அதனை ஒரு தாளில் எழுது. அத்தாளோடு வா." இரண்டு மாதங்கள் கழித்து வந்தான். தாளில் ஒரே வரி இருந்தது: "ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வேலைக்கு வருவோர்க்குப் படகு." அன்றே மாஸ் டிரான்சிட் ஒன்றை மட்டும் வாங்கினான். எஞ்சிய பணத்தில் தன் தமக்கைக்கு ஒரு சேலை எடுத்தனுப்பினானென்று பின்னர் அறிந்தேன். அவனுடைய படகுகளைச் சென்ற ஞாயிறன்று என்னை அழைத்துக் காட்டினான். ஒவ்வொரு துறைக்கும் அவன் இட்டிருந்த பெயர், அவன் ஊர்த் தெருக்களின் பெயர்.